ஏட்டையா வீட்டு வாசலில் ஜீப்பு

ஒரு வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் என்ன அர்த்தம் என்று சங்கரன்கோவிலில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அந்த வீட்டில் யாரையோ பிடிக்க வந்திருக்கிறார்கள். இல்லையென்றால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், அதுவும் நல்ல சாவு இல்லை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அதனால்தான் செண்பகவல்லி வீட்டு வாசலில் முதல்முதலாக ஜீப் நின்ற மறுநாள் காலையில், மேலநீலிதநல்லூரிலிருந்து அவளுடைய அண்ணன் முதல் பஸ்ஸைப் பிடித்து, சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

"மச்சான எந்த ஸ்டேசன்ல வச்சிருக்காவ?" என்று வாசலிலேயே கேட்டார்.

"தோசைத் தட்டுக்கு முன்னால வச்சிருக்கோம். உள்ள வா" என்றாள் செண்பகவல்லி.

உள்ளே இசக்கிப்பாண்டி பனியனும் கைலியுமாக உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் போலீஸில் ஏட்டு. இன்ஸ்பெக்டரின் வண்டியை ஓட்டுகிறவர். போலீஸ்காரன் வீட்டில் போலீஸ் வண்டி நிற்பதில் என்ன அதிசயம் என்று அவருக்கு விளங்கவில்லை. பூ மார்க்கெட்டுக்கு வந்த ஊர்க்காரர் ஒருத்தர் அந்தப் பக்கமாகப் போனவர், ஜீப்பைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குப் போனைப் போட்டிருக்கிறார். அண்ணன் பஸ் ஏறுவதற்குள் ஏட்டு லஞ்சம் வாங்கிப் பிடிபட்டார் என்ற வரைக்கும் கதை வளர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஆற அமர உட்கார்ந்து தோசை தின்றார். வந்ததற்கு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பானட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஸ்டேஷனில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியதில் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போயிற்று. ரோட்டோரத்தில் நிறுத்தினால் ஏதாவது லாரி உரசிவிட்டுப் போகும். இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். "ஏட்டையா, டூட்டி முடிஞ்சதும் வண்டிய வீட்டுக்கே கொண்டு போயிருங்க. கூப்பிட்டா உடனே வந்து நிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தானாம். போலீஸ்காரர்கள் வண்டியை வீட்டுக்கே ஓட்டிப் போவார்களாம், அது நிற்கிற தெருவுக்குள் திருடன் நுழையவே யோசிப்பானாம் என்று விளக்கமும் கொடுத்தாராம். வண்டி உண்மையில் பொலிரோ. ஆனால் போலீஸ் வண்டி என்றால் ஊருக்கு அது ஜீப்தான். கம்பெனிக்காரன் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

செண்பகவல்லிக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த யூனிபார்மை, அது எப்படித் தைத்திருக்கிறது என்று அறிவதற்காக நூல் நூலாகப் பிரித்துப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினாள். அடி வாங்கிய கையோடு அதைத் திரும்பத் தைத்தும் விட்டாள். பிறகு அதுவே தொழிலாயிற்று. கல்யாணமாகி, புருஷனுக்கு மாற்றல் கிடைத்த ஊரெல்லாம் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் திருவேங்கடம் ரோட்டிலிருந்து பிரிகிற இந்தத் தெருவில் வந்து அமர்ந்தாள். மகன் அருண்பாண்டியன் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். ஜன்னலுக்கு வெளியே இப்போது ஜீப். தைக்கிற நேரம் முழுக்க அவள் கண் அதன் மேல்தான் இருந்தது.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போயிற்று. வண்டிக்குள் ஒரு ஆள் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. வெறும் தகரம். ஆனால் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற ஆம்பிளைகள், ஜீப் பக்கத்தில் வந்ததும் தன்னாலேயே அதை அவிழ்த்துக் கீழே விட்டார்கள். தாண்டிப் போனதும் மறுபடி மடித்துக் கட்டினார்கள். பெரியவருக்குக் காட்டுகிற மரியாதையை இந்தப் பொலிரோவுக்குக் காட்டுகிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பைக்கில் சீறிக்கொண்டு வருகிற இளவட்டங்கள் அந்த இடத்தில் மட்டும் மாடு மாதிரி அசைந்து போனார்கள். மூன்று பேராக வருகிற பைக்கில் ஒருத்தன் இறங்கி நடந்து, முக்கில் போய் ஏறிக்கொண்டான். கோயில் கொடை விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டியவன் அந்த வருஷம் சத்தத்தைக் குறைத்து வைத்தான். இதெல்லாம் நல்லதுதானே என்று தெருவே சொன்னது.

எதிர்ச்சாரியில் தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கிற மைதீன் பாட்சா மட்டும் சொல்லவில்லை. அவர் கடை பெஞ்சில் சாயங்காலம் சீட்டாட்டக் கூட்டம் ஒன்று கூடும். பந்தயம் பெரிதாக ஒன்றும் இல்லை, டீயும் வடையும்தான். ஜீப் வந்த பிறகு அந்தக் கூட்டம் கலைந்து ரயில்வே கேட் பக்கம் போய்விட்டது.

"ஏட்டையா, நீங்க வேணா வீட்டுல இருங்க. உங்க வண்டிய எங்கனயாவது கொண்டு போய்க் கட்டிப் போடுங்க" என்று அவர் இசக்கிப்பாண்டியிடம் அலுத்துக்கொண்டார். "உங்களப் பாத்தா எவனும் பயப்படல. உங்க கூடத்தான சீட்டு வெளாண்டானுவ. அந்த வண்டிதான் யாவாரத்தப் படுக்க வச்சிட்டு."

இந்தப் பேச்சு செண்பகவல்லியின் மனதில் ஊசி மாதிரி ஏறி நின்றுகொண்டது. உண்மைதான். போலீஸ்காரர் இத்தனை வருஷமாக இதே தெருவில்தான் இருக்கிறார். அவருக்கு யாரும் கைலியை இறக்கியதில்லை. தண்ணீர் லாரி வந்தால் அவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிறார், அவரிடம் என்ன பயம் வரும்? ஆள் பழகிப்போகிறான், வண்டி பழகமாட்டேன் என்கிறது.

பழகாத வண்டியால் வீட்டுக்குள்ளேயும் தொந்தரவு இருந்தது. முன்பு டூட்டி முடிந்தால் முடிந்ததுதான். இப்போது வண்டியோடு ஸ்டேஷனும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இசக்கிப்பாண்டி சோற்றில் ரசத்தை ஊற்றினால் போன் வரும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போன் வரும். ஆடு காணாமல் போனவன், வாய்க்கால் தகராறுக்காரன், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த வண்டியை யாரோ இடித்துவிட்டார்கள் என்று ஒருத்தன், எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஜீப் நிற்கிற வீட்டைத் தேடி வந்தார்கள். செண்பகவல்லி ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது மீசை வைத்த ஆட்கள் வாசலில் வந்து நின்றால் பொம்பளைகள் எப்படி வருவார்கள்? பாதி வாடிக்கை வேறு தெருவுக்குப் போயிற்று. இந்தச் சனியன் எப்போது ஒழியும் என்று அவளே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் யோகலட்சுமி ஜாக்கெட் துணியோடு வந்தாள்.

யோகலட்சுமி பக்கத்து வீடு. புருஷன் சுடலைராஜ் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குச் செண்பகவல்லிதான் தைக்கிறாள். அவள் அளவு செண்பகவல்லிக்கு மனப்பாடம்: கை மட்டும் முழங்கைக்குக் கீழே வரைக்கும் வேண்டும். பங்குனி வெயிலில் கூட அப்படித்தான். கட்டுப்பெட்டியான பிள்ளை என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் துணியை மேஜை மேல் வைத்துவிட்டு, "அக்கா, இந்தத் தடவ கையக் குட்டையா வச்சிருங்க. எல்லாரும் வைக்காவல்லா, அது மாதிரி" என்றாள்.

செண்பகவல்லி டேப்பை எடுத்தவள் நிறுத்தினாள். "என்னட்டி திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா ஒண்ணும் எவளும் கையக் கொறைக்க மாட்டா. சொல்லு."

யோகலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தன் சேலையைத் தோளிலிருந்து ஒதுக்கி, போட்டிருந்த ஜாக்கெட்டின் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக் காட்டினாள். தோலில் பழைய தழும்புகள் மங்கலாக இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை.

"இப்பம் மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் செண்பகவல்லி டேப்பைக் கீழே வைத்தாள்.

மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சுடலைராஜுக்குக் கோபம் வந்தால் முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவானாம். சாத்திவிட்டுத்தான் அடிப்பானாம். இப்போது ஜன்னல் கதவில் கை வைக்கும்போதே எதிரே ஜீப் தெரிகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறான். பிறகு எதையாவது முனகிவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறான். ஜீப் வந்த நாளிலிருந்து ஒரு அடி விழவில்லை.

"அதுல ஆளு இல்லன்னு அவனுக்குத் தெரியாதாட்டி?"

"தெரியும்க்கா. தெரிஞ்சும் பயப்படுதாவ. அது எனக்கே புரியல. அந்த வண்டி போயிராதுல்லா?"

செண்பகவல்லி கையைக் குட்டையாக வெட்டினாள். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இசக்கிப்பாண்டி வந்ததும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பக்கத்து வீட்டுல சுடலைராஜ் அந்தப் புள்ளைய அடிப்பானாமே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? சொவரு ஒண்ணுதான. சத்தம் கேக்கும்லா."

சுவரின் இந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தத்தில் தனக்குக் கேட்காமல் போன ஒன்று, கட்டிலில் படுத்துக்கிடந்த மனுஷனுக்குக் கேட்டிருக்கிறது. "கேட்டுக்கிட்டா சும்மா இருந்திய?"

"புருசன் பொண்டாட்டிக்குள்ள நம்ம என்னத்தப் போய்க் கேக்க? அந்தப் புள்ள புகார் குடுத்தா வேற. குடுக்காம நான் போனேன்னு வச்சுக்கோ, 'நீரு ஆரு வே எங்க வீட்டுக்குள்ள வர'ன்னு கேப்பான். மறுநாளு பைப்படியில மூஞ்சியில முழிக்கணுமா வேண்டாமா?"

"அப்பம் இவ்வளவு நாளும் போலீஸ் வேல பாத்தது நீங்க இல்ல, அந்தத் தகரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இசக்கிப்பாண்டி கெட்டவர் இல்லை. கைதியைக்கூட 'வாங்க, ஏறுங்க' என்று சொல்கிற ஆள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவர் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. தட்டை அவரையே கழுவ வைத்தாள்.

மறுநாளிலிருந்து ஜீப் விஷயத்தில் அவள் ஆளே மாறிவிட்டாள். வாசல் தெளிக்கும்போது வண்டிக்கும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மேலே எச்சமிட வருகிற காக்காயை விரட்டினாள். புகார் சொல்ல வருகிற மீசைக்காரர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு, "ஸ்டேசன் அங்கன இருக்கு, அங்க போய்ச் சொல்லுங்க, இங்கன வண்டி மட்டுந்தான் இருக்கு" என்று பதவிசாகத் திருப்பி அனுப்பினாள். கட்டட வேலை எப்போது முடியும் என்று புருஷனிடம் நாளுக்கு ஒரு தடவை கேட்டாள். "மெதுவாத்தான் நடக்கு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அரசாங்க வேலை தாமதமாவதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே பொம்பளை இந்தத் தாலுகாவில் அவளாகத்தான் இருப்பாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காத்த வண்டியைக் கடைசியில் அனுப்பி வைத்ததும் அவளேதான்.

ஊருக்குள் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு ஜாக்கெட் செண்பகவல்லி தைத்தது. முந்தின நாள் போட்டுப் பார்த்ததில் முதுகுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். காலையில் பிரித்துத் தைத்து முடிக்கிற நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வந்து வாங்கிப் போகிறேன் என்ற பெண் வீட்டுப் பையன் வரவில்லை. போன் மேல் போன் வருகிறது: முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, பெண் பழைய ஜாக்கெட்டோடு உட்கார்ந்து அழுகிறது. இசக்கிப்பாண்டி யூனிபார்ம் போட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் மண்டபம்.

"போற வழிதான, இத ஒரு எட்டு குடுத்துட்டுப் போங்க" என்று மஞ்சள் பையை நீட்டினாள்.

"கவர்மெண்டு வண்டிட்டி. இதுல போய் ஜாக்கெட்டக் கொண்டு போவச் சொல்லுத."

"வண்டியில ஜாக்கெட் ஏறினா வண்டி தேஞ்சா போவும்? அந்தப் பிள்ளைக்கு நல்ல நாளும் அதுவுமா..."

சோற்றுத் தட்டு விவகாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் அதிகம் வாய் கொடுப்பதில்லை. பையை வாங்கிக்கொண்டார்.

அங்கே நடந்ததை அவள் பிறகு பல வாய்களிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். மண்டப வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கினார்கள். நனைந்த தொப்பியோடு இறங்கிய ஏட்டு, ஒருத்தரையும் தெரியாததால், வரவேற்பில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவிடமே போய்த் தன் வழக்கமான ஸ்டேஷன் குரலில், "பொண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பெண்ணைத் தேடிப் போலீஸ் வந்துவிட்டது. அப்படியென்றால் பெண் வேறு எவனையோ விரும்பியிருக்கிறது, அவன் புகார் கொடுத்திருக்கிறான், இல்லை பெண்ணே கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி, "எந்திரிலே மாப்ள" என்று மாலையோடு அவனைத் தூக்கி நிறுத்தினார். மேளக்காரர்கள் எதற்கு வாசிப்பது என்று தெரியாமல் வாசிப்பை நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இசக்கிப்பாண்டி மஞ்சள் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "ஜாக்கெட்டு! ஜாக்கெட்டு!" என்று கத்திய பிறகுதான் கூட்டம் அடங்கியது. தாலி ஏறிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருத்தன் எல்லாவற்றையும் போனில் பிடித்திருந்தான். சீருடையில் ஒரு ஏட்டு, பின்னால் அரசாங்க ஜீப், கையில் பெண்ணின் பட்டு ஜாக்கெட். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ கடையநல்லூர் வரைக்கும் போய், அங்கிருந்து துபாய்க்கும் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் திட்டவில்லை என்பதுதான் இசக்கிப்பாண்டிக்குத் தாங்கவில்லை. "வீட்டுக்கு வண்டி குடுக்கக் கூடாதுன்னு சொல்றவங்க எல்லாம் இதைத்தான் சொன்னாங்க ஏட்டையா. நான்தான் கேக்கல" என்று மட்டும் சொன்னாராம். விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தார்கள். ஜீப் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய், அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நின்றது.

புருஷன் பைக்கில் திரும்பி வந்ததைப் பார்த்துச் செண்பகவல்லி அழுதாள். அவர் தனக்கு மெமோ கிடைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்துத் தேற்றினார். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

யோகலட்சுமியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளே கேட்டாள். "ஜீப்ப காணலியேக்கா. வேலையா போயிருக்கா?"

"இனிமே வராதுட்டி. என்னாலதான். நான்தான் அறிவில்லாம அந்தப் பைய குடுத்துவிட்டேன்."

யோகலட்சுமி குழாயை மூடவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பிறகு, "பரவால்லக்கா, கொஞ்ச நாளாவது இருந்துச்சுல்லா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நன்றாகத் திட்டியிருந்தால் செண்பகவல்லிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் மெஷினை அடிக்கடி நிறுத்தி நிறுத்தித் தைத்தாள். மிதிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்காமல் போய்விடக் கூடாது. கொஞ்ச நாள் ஒன்றும் கேட்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கும், மனுஷன் திருந்தியிருப்பான் என்றுகூட நினைத்தாள். வண்டிக்குப் பயந்து அடங்கியவன் வண்டி போனதும் என்ன செய்வான் என்று யோசிக்க அவளுக்கே பிடிக்கவில்லை.

தெருவிளக்கு எரிகிற நேரம். மைதீன் பாட்சா கடையில் சீட்டுக் கூட்டம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இசக்கிப்பாண்டி பகல் டூட்டி முடித்துக் குளித்துவிட்டு, கைலியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் படீரென்று சாத்திய சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு பாத்திரம் உருண்டது.

செண்பகவல்லி மெஷினிலிருந்து எழுந்தாள். "போங்க" என்றாள் புருஷனிடம்.

"நான் சொன்னம்லா..."

"போறியளா இல்லியா?"

"ஏட்டி, யூனிபார்ம் கெடையாது, வண்டி கெடையாது. கைலியோட போய் நின்னா எவன் மதிப்பான்? வண்டி நின்னாலாவது..."

"வண்டி என்ன செஞ்சுது? எறங்கி வந்து அவன் கையப் பிடிச்சுதா? சும்மா நின்னுச்சு. அம்புட்டுதான! சும்மா நிக்க எனக்குத் தெரியாதா?"

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். யோகலட்சுமி ஆட்டுக்கல் பக்கத்தில் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுடலைராஜ் நடு அறையில் நின்றிருந்தான். செண்பகவல்லியைப் பார்த்ததும் தூக்கிய கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் ஜன்னலை விரியத் திறந்தாள். டீக்கடை வெளிச்சம் உள்ளே வந்தது. சீட்டுக் கூட்டத்தின் முகங்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. பிறகு அறையின் நடுவில், அவனுக்கும் யோகலட்சுமிக்கும் இடையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இது எங்க வீட்டு விசயம்" என்றான் சுடலைராஜ். "எந்திரிச்சுப் போங்க."

"நான் உன் விசயத்துக்கு வரல. சும்மா இருக்கேன். நீ செய்யத செய்யி."

அவன் அடித்தால் தாங்கமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்திருக்கவில்லை. சுடலைராஜ் கத்தினான், பொம்பளைகளுக்கு வாய் கூடிப்போச்சு என்றான், ஊரில் சட்டம் இல்லையா என்றுகூடக் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே மைதீன் பாட்சா டீ ஆற்றுகிற குவளையோடு வந்து நின்றார். அவர் பின்னால் சீட்டைக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டே இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் ஜன்னலோரத்தில் சும்மா நின்றார்கள். கடைசியில் இசக்கிப்பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க" என்றான் சுடலைராஜ். குரலில் பழைய வேகம் இல்லை.

இசக்கிப்பாண்டி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். "அவ என் பேச்ச என்னைக்குலே கேட்டா?" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "நீ கையக் கீழ போடு" என்றார். சுடலைராஜ் கையைக் கீழே போட்டான். அத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தெருவில் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

யோகலட்சுமி எழுந்தாள். காதைப் பொத்திய கையை எடுக்காமல், அவிழ்ந்த முடியை மறு கையால் ஒதுக்கிக்கொண்டாள். மூலையில் கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"எங்கட்டி போற?" என்று சுடலைராஜ் கேட்டான்.

அவள் அவனைப் பார்க்காமல் செண்பகவல்லியைப் பார்த்து, "அக்கா, மகளிர் ஸ்டேசன் இந்நேரம் தொறந்திருக்கும்லா?" என்றாள்.

"தொறந்துதான் இருக்கும், வா" என்று செண்பகவல்லி எழுந்தாள்.

இசக்கிப்பாண்டிக்கு அப்போதுதான் தனக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. அவசரமாகப் போனை எடுத்தார். "நில்லும்மா, நடந்து போவ வேண்டாம். இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லி ஜீப்ப வரச் சொல்லுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் யோகலட்சுமி. "ஜீப்புல ஏறினா நான்தான் தப்பு செஞ்சேன், என்னையப் பிடிச்சிட்டுப் போறாவன்னு ஊரு சொல்லும். நான் நடந்தே வாரேன். யாரு போய்ப் புகார் குடுத்தான்னு எல்லாரும் பாக்கட்டும்."

காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியிறங்கினாள். செண்பகவல்லி அவள் பக்கத்தில் நடந்தாள். இசக்கிப்பாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.